கைதுக்குப் பிறகு நிறுத்தி வைத்த ரிவால்வர் லைசென்ஸ்: திரும்ப வாங்க என்ன வழி? (சேலம் / ஏற்காடு)

#1 நாகலூர்காப்பி

வணக்கம். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருக்காகக் கேட்கிறேன். ஒரே லைசென்சில் .32 ரிவால்வர் ஒன்று, 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல் துப்பாக்கி ஒன்று. வேலித் தகராறில் பக்கத்துத் தோட்டக்காரர் புகார் கொடுத்து பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, புதிய குற்றச் சட்டம்) 296(பி) ஆபாச வார்த்தை, 115(2) காயம், 351(3) மிரட்டல் பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். கைது செய்து ஜாமீனில் விட்டாயிற்று. சம்பவ இடத்தில் துப்பாக்கி இல்லை, எஃப்.ஐ.ஆரிலும் அந்தப் பேச்சே இல்லை. ஆனாலும் "குற்ற வழக்கு முடியும் வரை" என்று போட்டு லைசென்சை நிறுத்தி வைத்து ஆணை வந்துவிட்டது. அதற்கு முன் விளக்கம் கேட்டு எதுவும் வரவில்லை.

ஆணை கைக்கு வந்து 9 நாள் ஆகிறது. லைசென்ஸ் காலம் இன்னும் 7 மாதத்தில் முடிகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது? வழக்கு முடிந்தால் லைசென்ஸ் தானாகத் திரும்பிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா?

#2 கருப்புக்கோட்டு

தானாக எதுவும் திரும்பாதுங்க. முதலில் இதை மனதில் வையுங்கள்: குற்ற வழக்கு ஒரு கட்டு (கோப்பு), லைசென்ஸ் இன்னொரு கட்டு. ஒன்று அஸ்தம்பட்டி கோர்ட்டில் இருக்கிறது, மற்றொன்று ஆட்சியர் அலுவலகத்தில். கோர்ட் தீர்ப்பை யாரும் ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க மாட்டார்கள். நீங்கள்தான் சான்றிட்ட நகல் எடுத்து, மனுவோடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வழக்கில் விடுதலையாகிப் பல வருடம் ஆகியும் லைசென்ஸ் அப்படியே கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு மனு போடாததுதான்.

இனி ஆணையை வரி வரியாகப் படியுங்கள். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 17(3)-ன் கீழ்தான் நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ முடியும். அதில் ஐந்து உட்பிரிவுகள். (ஏ) லைசென்ஸ்தாரர் சட்டப்படி தடை செய்யப்பட்டவர், மனநிலை சரியில்லாதவர் அல்லது வேறு காரணத்தால் தகுதியற்றவர். (பி) பொது அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அவசியம். (சி) உண்மையை மறைத்து லைசென்ஸ் வாங்கியது. (டி) நிபந்தனை மீறல். (இ) லைசென்சை ஒப்படைக்கச் சொன்ன நோட்டீசுக்குக் கீழ்ப்படியாதது. உங்கள் ஆணையில் எது குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். எதையும் குறிப்பிடாமல் "காவல்துறை அறிக்கையின்படி" என்று மட்டும் இருந்தால் அதுவே முதல் ஓட்டை. அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் சுருக்கமான காரண அறிக்கையும் தர வேண்டும் என்று பிரிவு 17(5) சொல்கிறது. பொதுநலன் கருதி மறுக்கலாம், ஆனால் வேலித் தகராறில் மறைக்க என்ன இருக்கிறது? இன்றே ஒரு தாளில் அந்தக் காரண அறிக்கையைக் கேட்டு மனு கொடுங்கள்.

மேல்முறையீடு பிரிவு 18. காலக்கெடு 30 நாள். உங்களுக்கு 21 நாள் மிச்சம். தாமதமானால் போதுமான காரணம் காட்டி மன்னிப்புக் கேட்க வழி உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். யாரிடம் மேல்முறையீடு செய்வது என்பது ஆணையின் கடைசிப் பத்தியில் இருக்கும். இல்லையென்றால் ஆயுதப் பிரிவில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேல்முறையீடு போட்டதாலேயே நிறுத்திவைப்பு நின்றுவிடாது. மேல்முறையீட்டு அதிகாரி தனியாக உத்தரவிடும் வரை பழைய ஆணை நடைமுறையில்தான் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் மூன்று வலுவான வாதங்கள் இருக்கின்றன. விளக்கம் கேட்கவில்லை. துப்பாக்கிக்கும் வழக்குக்கும் சம்பந்தமில்லை. வழக்கு நிலுவையில் இருப்பது மட்டுமே லைசென்சைப் பறிக்கக் காரணம் ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. எதிர்ப்பக்கம் என்ன சொல்வார்கள் என்பதையும் தெரிந்து வையுங்கள்: ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் தரும் சலுகை. அதனால் "என் உரிமை" என்று மனுவை ஆரம்பிக்காதீர்கள். "பிரிவு 17(3) கேட்கும் நிபந்தனை நிறைவேறவில்லை" என்று ஆரம்பியுங்கள்.

#3 செம்மடுவு

முதலில் ஒரு அவசரக் கேள்வி. துப்பாக்கிகள் இப்போது எங்கே இருக்கின்றன? மேல்முறையீடு முடியும் வரை தோட்ட வீட்டிலேயே பூட்டி வைத்துக்கொள்ளலாம் என்று மலையில் பலர் நினைக்கிறார்கள்.

#4 நாகலூர்காப்பி

பீரோவில்தான் இருக்கின்றன. ஆணையில் "உடனடியாக ஒப்படைக்க" என்று ஒரு வரி இருக்கிறது.

#5 கருப்புக்கோட்டு

நாளைக் காலை முதல் வேலை அதுதான். லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்ட நிமிடத்திலிருந்து அந்தத் துப்பாக்கி லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. பிரிவு 21-ன்படி தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வீட்டில் வைத்திருந்து பிடிபட்டால் அதே ஆயுதச் சட்டத்தின் 25(1பி)-ல் வழக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம், அபராதமும் உண்டு. வேலித் தகராறு வழக்கில் விடுதலை ஆகலாம். ஆனால் இந்த இரண்டாவது வழக்கு வந்துவிட்டால் லைசென்ஸ் பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான்.

லைசென்ஸ் புத்தகத்தையும் 17(10)-ன்படி ஒப்படைக்க வேண்டும். கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் ஜெராக்ஸ் எடுங்கள். யு.ஐ.என். (லைசென்ஸ்தாரருக்கான தனி அடையாள எண்), ஆயுத எண், தோட்டா கொள்முதல் பதிவுப் பக்கம், பழைய புதுப்பிப்பு முத்திரைகள் எதையும் விடாதீர்கள். பிறகு மனு எழுத இதெல்லாம் வேண்டும்.

#6 இரட்டைக்குழல்

ஒப்படைப்பதில் மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. சேலத்தில் வியாபாரியிடம் கொடுப்பதாக இருந்தால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி எடுத்துப் போக வேண்டும். நிறுத்தி வைத்த லைசென்சோடு ரிவால்வரைக் காரில் கொண்டுபோவது வீண் ஆபத்து. அருகில் உள்ளது ஏற்காடு நிலையம், அங்கேயே கொடுங்கள். வியாபாரியிடம்தான் வைக்க வேண்டும் என்றால் முதலில் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டு, பிறகு மாற்ற அனுமதி கேட்டு மனு கொடுங்கள். வாடகை மாதக் கணக்கில் ஆகும், ஆனால் பராமரிப்பு நன்றாக இருக்கும்.

ரசீதில் இருக்க வேண்டியவை: ஆயுத வகை, போர், தயாரிப்பாளர், எண், தோட்டா எத்தனை என்பது போர் வாரியாக (".32 – 18, 12 போர் – 22" என்பது போல), உறை, சுத்தம் செய்யும் கம்பி இருந்தால் அதுவும், நிலை "நல்ல நிலையில், துருவின்றி". கடைசி வார்த்தைகளை எழுதச் சொல்லி வாங்குங்கள். எண் தெரியும்படி ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

கொடுக்கும் முன் சுத்தம் செய்வதில் அரைமணி நேரம் செலவிடுங்கள். தோட்டா முழுவதும் எடுத்துவிட்டதை இரண்டு முறை பாருங்கள். ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குழலில் பிரஷ் விட்டு, துணி பேட்ச் வெள்ளையாக வரும் வரை ஓட்டி, கடைசியில் துப்பாக்கி எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவுங்கள். எண்ணெய் அதிகமானால் வழிந்து டபுள் பேரலின் கட்டையில் இறங்கி மரத்தை ஊறவைக்கும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். நாளாக ஆகப் பிசினாகி ட்ரிகரையே பிடித்துக்கொள்ளும்.

தோல் உறைக்குள் வைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஏற்காட்டு மூடுபனியில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் சேர்ந்து நீலப்பூச்சின் மேல் ஒரே மழைக்காலத்தில் துருப்புள்ளி விழும். எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் பருத்திப் பையில் போடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலையத்தில் வைத்தே துடைத்துத் தர எழுத்தில் அனுமதி கேட்கலாம்.

#7 முளுவிமிளகு

ஒப்படைத்த பிறகு ரொம்ப நாள் ஆனால் அரசு பறிமுதல் செய்துவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் சிலர் கொடுக்காமல் இருக்கிறார்கள்.

#8 கருப்புக்கோட்டு

பிரிவு 21(3) அப்படிச் சொல்வது உண்மை. குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாவிட்டால் மாவட்ட மாஜிஸ்திரேட் ஆணையால் அரசுக்குச் சேரும். ஆனால் அதே உட்பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும் காலத்துக்காகப் பறிமுதல் ஆணை போடக் கூடாது. நிறுத்திவைப்பு வேறு, ரத்து வேறு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ரத்து என்றால் அந்த விலக்கு கிடைக்காது. விற்பதா, மாற்றுவதா என்று உடனே முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் நாகலூர்காப்பி சொன்ன 7 மாதக் கணக்கு இங்கேதான் கடிக்கும். நிறுத்தி வைத்த லைசென்ஸ் நடுவில் காலாவதியானால் திரும்பத் தர எதுவும் இருக்காது.

#9 பழையதபால்

அந்த இடத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் அதிகம் பேர் ஏமாந்து போகிறார்கள்.

2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸ் காலம் 5 வருடம். நிறுத்தி வைத்ததால் அந்தக் கடிகாரம் நிற்காது. "நிறுத்தி வைத்திருக்கிறார்களே, எப்படிப் புதுப்பிக்க விண்ணப்பிப்பது" என்று விட்டுவிடுவார்கள். வழக்கு மூன்று வருடம் ஓடும். விடுதலைத் தீர்ப்போடு போனால், "உங்கள் லைசென்ஸ் காலாவதியாகி இரண்டு வருடம் ஆகிறது, புதிதாக விண்ணப்பியுங்கள்" என்று பதில் வரும். புதிதாக என்றால் ஏன் கைத்துப்பாக்கி வேண்டும் என்ற கேள்வி முதலிலிருந்து தொடங்கும். டபுள் பேரலுக்குத் தோட்டப் பாதுகாப்பு என்று சொல்லிவிடலாம். ரிவால்வருக்கு உயிருக்கு ஆபத்து இருப்பதற்கான ஆதாரம் கேட்பார்கள். பத்து வருடத்துக்கு முன் தந்த காரணம் இன்று செல்லாமல் போகலாம்.

ஆகையால், நிறுத்தி வைத்திருந்தாலும் காலாவதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே புதுப்பிப்பு விண்ணப்பம் போடுங்கள். படிவம் ஏ-3, கட்டணம், மருத்துவச் சான்று, யு.ஐ.என்., போட்டோ. முகப்புக் கடிதத்தில் "மேற்படி லைசென்ஸ் இன்ன ந.க. எண், இன்ன தேதி ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, அதன் மீது மேல்முறையீடு நிலுவையில் உள்ளது, உரிமையை இழக்காதிருக்கவே இவ்விண்ணப்பம்" என்று தெளிவாக எழுதுங்கள். மறைத்துவிட்டு விண்ணப்பித்தால் 17(3)(சி) வந்து நிற்கும். அவர்கள் நிலுவையில் வைப்பார்கள், வைக்கட்டும். நீங்கள் காலத்துக்குள் கேட்டீர்கள் என்பதற்குத் தபால் முத்திரை இருக்கிறது, அது போதும்.

ஆணை எண்ணைப் பற்றியும் ஒன்று. மேலே "செயல்முறைகள்" என்றும் அதன் கீழே ந.க. எண்ணும் இருக்கும். அந்த ந.க. எண்தான் கட்டின் பெயர். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு தாளிலும் "பார்வை" என்று போட்டு அந்த எண்ணை எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் மனு புது எண் வாங்கித் தனிக்கட்டாக வளரும், பழைய கட்டோடு சேராது. இரண்டு மேசையில் இரண்டு கட்டு என்று ஆகிவிட்டால் ஆறு மாதம் வீண். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தாலும் இதே கதைதான். அங்கே கொடுப்பதைவிடத் தபால் பிரிவில் இரண்டு பிரதியோடு போய், ஒன்றில் முத்திரை வாங்கி வருவது மேல்.

#10 நாகலூர்காப்பி

மிக்க நன்றிங்க. இரண்டு துப்பாக்கியும் நாளைக்குக் கொடுத்துவிடச் சொல்கிறேன். போலீஸ் அறிக்கை எந்த வழியாகப் போகிறது? ஆணை மேல்முறையீட்டில் ரத்தானாலும் மறுபடி அறிக்கை கேட்பார்களா?

#11 பழையதபால்

கேட்பார்கள். நிலையம், இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி., எஸ்.பி. அலுவலகம், அங்கிருந்து ஆட்சியர் என்பது ஒரு வழி. வருவாய்த்துறையில் ஏற்காடு தாசில்தார், சேலம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) என்பது இன்னொரு வழி. மலைப்பகுதி என்பதால் வனத்துறையிடமும் கருத்துக் கேட்பது வழக்கம். மூன்றில் ஒன்று வராவிட்டாலும் கட்டு நகராது. எது வரவில்லை என்பதை மாதம் ஒருமுறை போய்க் கேளுங்கள். வாய்மொழிப் பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, "இன்ன ந.க. எண் கோப்பில் எந்தெந்த அலுவலகத்திடம் எந்தத் தேதியில் அறிக்கை கோரப்பட்டது, எது பெறப்பட்டது" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். நிறைய கேட்டால் பதில் சுற்றிச் சுற்றி வரும்.

அறிக்கையில் உங்களைக் கவிழ்க்கும் வாசகம் எது தெரியுமா? "இரு தரப்பினரிடையே முன்விரோதம் நீடிக்கிறது." வழக்கு முடிந்தாலும் இந்த ஒரு வரி போதும், 17(3)(பி) பொது அமைதி என்று திரும்ப மறுக்க. ஆகவே வேலித் தகராற்றையே தீர்க்கும் வேலையை இன்றைக்கே ஆரம்பியுங்கள். நில அளவைக்குப் பணம் கட்டி விண்ணப்பித்து, புலப்படத்தின்படி சர்வேயரை வைத்து எல்லைக்கல் நட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட அளவை அறிக்கை வாங்குங்கள். பக்கத்துக்காரர் கையெழுத்திட மறுத்தால் சிவில் கோர்ட்டில் போட்டு எண் வாங்குங்கள். தகராறு சட்டப்படி போகிறது, கைகலப்பாகப் போகவில்லை என்று தாசில்தார் அறிக்கையில் எழுத அதுவே ஆதாரம். பாராளுமன்றத்தில் போட்ட சட்டத்தைவிட இந்தக் கல்லும் கயிறும்தான் பல கட்டுகளை நகர்த்துகின்றன.

#12 கருப்புக்கோட்டு

முழுதும் ஒத்துக்கொள்கிறேன். அதோடு ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட தகராறில் போலீஸ் இரு தரப்பையும் ஆர்.டி.ஓ. முன் நிறுத்தி அமைதிப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும். முன்பு சி.ஆர்.பி.சி. (பழைய குற்ற நடைமுறைச் சட்டம்) 107, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். 126. "கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்க, ஒன்றும் ஆகாது" என்று சொல்வார்கள். லைசென்ஸ் இல்லாதவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். லைசென்ஸ் உள்ளவருக்கு ஆயுதச் சட்டப் பிரிவு 9 குறுக்கே வரும்: அமைதி காக்கப் பிணை எழுதித் தர ஆணையிடப்பட்டவர், அந்தப் பிணைக் காலம் முழுவதும் துப்பாக்கி வைத்திருக்கவே தடை. 126-ன் கீழ் அதிகபட்சம் ஒரு வருடம், நன்னடத்தைக்கான 129-ன் கீழ் மூன்று வருடம். அந்தக் காலத்தில் எந்த மேல்முறையீடும் உதவாது. அதனால் நோட்டீஸ் வந்தால் வக்கீலோடு போய் எதிர்த்து விளக்கம் கொடுங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் முடியும் தேதியைக் குறித்து வைத்து, அதற்கு மறுநாள் மனு போடுங்கள்.

பிரிவு 9-ல் இன்னொன்று: வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சம்பந்தப்பட்ட குற்றத்தில் தண்டனை பெற்று சிறைத்தண்டனை விதிக்கப்பட்டால், தண்டனை முடிந்து 5 வருடம் தடை. எத்தனை நாள் சிறை என்பது கணக்கில்லை. "கோர்ட் கலையும் வரை" சிறை என்று விதிக்கும் சின்னத் தண்டனையையும் சிறை என்று வாதிட இடம் இருக்கிறது. ஆகவே "குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்கும் முன் லைசென்ஸ் இருப்பதை உங்கள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். பல வக்கீல்களுக்குக் கட்சிக்காரரிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருப்பதே தெரியாது.

#13 முளுவிமிளகு

சமரசமாகப் போனால்? பக்கத்துக்காரர் வழக்கை வாபஸ் வாங்கத் தயாராக இருந்தால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடித்துவிடலாம்தானே?

#14 கருப்புக்கோட்டு

நல்ல கேள்வி. வாபஸ் என்று ஒன்று கிடையாது, சமரசம் என்றுதான் உண்டு. பி.என்.எஸ்.எஸ். 359-ல் பட்டியலிட்ட குற்றங்களை மட்டும் சமரசம் செய்யலாம், அப்படிச் செய்தால் விடுதலைக்குச் சமம். 115(2) காயம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் 296(பி) ஆபாச வார்த்தை பட்டியலில் இல்லை. நம் ஊர் எஃப்.ஐ.ஆர். ஒவ்வொன்றிலும் பழைய 294(பி)-யோ புதிய 296(பி)-யோ ஒட்டிக்கொண்டே வரும். அதனால் மாஜிஸ்திரேட் முன் பாதிதான் முடியும். முழுதாக முடிக்க பி.என்.எஸ்.எஸ். 528-ல் (பழைய 482) உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. சேலம் மாவட்டம் சென்னை அமர்வின் கீழ் வருகிறது, மதுரை அல்ல. இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரசக் குறிப்பு, புகார்தாரர் நேரில் வந்து ஒப்புக்கொள்வது, அடையாள அட்டைகள் வேண்டும்.

லைசென்ஸ் கோணத்தில் இதுதான் இருப்பதிலேயே நல்ல முடிவு. ரத்தான எஃப்.ஐ.ஆர். என்றால் அதிகாரி கையில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அடுத்தது, போலீசே "பொருண்மைத் தவறு" என்று முடித்து ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (வழக்கை முடித்துவிட்டதாகச் சொல்லும் அறிவிப்பு) தருவது. அந்த நோட்டீசோடு மாஜிஸ்திரேட் அதை ஏற்ற உத்தரவின் நகலும் வேண்டும், நோட்டீஸ் மட்டும் போதாது. அதற்கடுத்தது விசாரணைக்குப் பின் விடுதலை. சாட்சிகள் பிறழ்ந்ததால் "சந்தேகத்தின் பலனை அளித்து" விடுதலை என்றால், கௌரவமான விடுதலை இல்லை என்று அதிகாரி சொல்ல இடம் கொடுக்கும். அப்போதும் வழி மூடிவிடவில்லை. பழைய எஃப்.ஐ.ஆரைத் தவிர வேறு எந்த ஆதாரத்தில் பொது அமைதிக்கு ஆபத்து என்கிறீர்கள் என்று கேட்டு வாதிட வேண்டும்.

#15 செம்மடுவு

எதிர் வழக்கும் இருந்தால்? நாம் கொடுத்த புகாரும் நிலுவையில் இருப்பது உதவுமா?

#16 கருப்புக்கோட்டு

உதவாது, இடைஞ்சல். நீங்கள் கொடுத்த புகாரும் "விரோதம் நீடிக்கிறது" என்பதற்கு ஆதாரமாகிவிடும். முடிக்கும்போது இரண்டையும் ஒன்றாக முடியுங்கள். ஒன்றை ரத்து செய்துவிட்டு மற்றொன்றை விட்டு வைத்தால் அறிக்கையில் அந்த எண் வந்து நிற்கும்.

#17 இரட்டைக்குழல்

துப்பாக்கியே வழக்குச் சொத்தாகப் போயிருந்தால் கணக்கு மாறும், அதையும் சொல்லுங்கள் வக்கீல் சார். மலையில் அப்படியும் நடக்கிறது.

#18 கருப்புக்கோட்டு

சரி. தகராறில் துப்பாக்கியைக் காட்டினார், வானத்தை நோக்கிச் சுட்டார் என்றால் நிலையத்தில் "ஒப்படைப்பு" அல்ல, "கைப்பற்றுதல்". அது படிவம் 95-ல் கோர்ட்டுக்குப் போய்ச் சொத்து எண் வாங்கும், தடய அறிவியல் ஆய்வுக்கும் போகலாம். அதைத் திரும்பப் பெற ஆட்சியர் ஆணை மட்டும் போதாது. வழக்கு நடக்கும்போது இடைக்கால ஒப்படைப்புக்கு பி.என்.எஸ்.எஸ். 497, முடிந்தபின் 498-ல் கோர்ட் உத்தரவு வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் கையில் கோர்ட் தராது. அதனால் "லைசென்ஸ் மீளும் வரை லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடம் வைக்க உத்தரவிடுக" என்று மாற்றுக் கோரிக்கை சேர்த்து மனு போடுவது நல்லது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில் சொத்து என்ன ஆகிறது என்று ஒரு வரி இருக்கும். "அரசுடைமை" என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு எதிராகத் தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். விடுதலைச் சந்தோஷத்தில் அந்த வரியைப் படிக்காமல் விட்டுவிடுவார்கள்.

கல்யாணத்தில், கோயில் விழாவில் மற்றவர் பாதுகாப்பைப் பொருட்படுத்தாமல் சுட்டால் 2019-ல் வந்த 25(9): 2 வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் நிபந்தனை மீறலுக்குப் பிரிவு 30. இந்த இரண்டிலும் துப்பாக்கியே குற்றத்தின் கருவி என்பதால் "சம்பந்தமில்லை" என்ற வாதம் கிடையாது. விடுதலை கிடைக்காமல் லைசென்ஸ் மீள்வது மிகக் கடினம்.

#19 செம்மடுவு

காட்டுப்பன்றியைச் சுட்ட வழக்கு என்றால்?

#20 கருப்புக்கோட்டு

அது தனிச் சங்கதி. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 51: தண்டனை உறுதியானால் அந்தத் துப்பாக்கிக்கான லைசென்சைக் கோர்ட்டே ரத்து செய்து, தண்டனைத் தேதியிலிருந்து 5 வருடம் புதிய லைசென்சுக்குத் தகுதியில்லை என்றும் உத்தரவிடலாம். காட்டுமாடு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்பில் வருகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் இருப்பது விலங்கைச் சுட அனுமதி அல்ல, மலையில் இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. உயிருக்கே ஆபத்தான நிலையில் தற்காப்புக்காக நல்லெண்ணத்தில் சுட்டால் பிரிவு 11(2) பாதுகாக்கும். அப்போதும் உடனே வனத்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டும், உடலை அப்புறப்படுத்தியிருக்கக் கூடாது. வனத்துறை வழக்கு நிலுவையில் இருந்தால் #11-ல் சொன்ன வனத்துறைக் கருத்து சாதகமாக வராது. முதலில் அதை முடியுங்கள்.

#21 நாகலூர்காப்பி

மேல்முறையீடு போடாமல் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொன்னார்.

#22 கருப்புக்கோட்டு

விளக்கம் கேட்காமல் ஆணை போட்டது இயற்கை நீதிக்கு முரண் என்பதால் ரிட் ஏற்கப்படலாம். ஆனால் "மாற்றுப் பரிகாரம் இருக்கிறதே, அங்கே போ" என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு. அதற்குள் 30 நாள் போயிருக்கும். ஆகவே முதலில் மேல்முறையீட்டைக் காலத்துக்குள் போட்டு முத்திரை வாங்குங்கள், அதோடு ஆணையை நிறுத்தி வைக்க இடைக்கால மனு. அது மாதக்கணக்கில் எண்ணாகாமலே கிடந்தால், 8 வாரம் அல்லது 12 வாரத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி ரிட். அந்த மாதிரி உத்தரவு கிடைப்பது எளிது, செலவும் குறைவு. என் கருத்தில் இந்த வழக்குக்கு அதுவே பொருத்தம்.

மேல்முறையீட்டு மனுவில் வர வேண்டியவை: லைசென்ஸ் எண், யு.ஐ.என்., செல்லுபடி தேதி, இரண்டு ஆயுதத்தின் விவரம், ஆணை எண், தேதி, கைக்குக் கிடைத்த தேதி (உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை ஆதாரம்), நிலையம், குற்ற எண், பிரிவுகள், எஃப்.ஐ.ஆரில் ஆயுதம் குறிப்பிடப்படவில்லை என்ற வரி. விளக்கம் கேட்கப்படவில்லை என்ற வரி. எத்தனை வருடமாக எந்தப் புகாரும் இல்லாமல் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டு வந்தது. ஆயுதம் ஒப்படைத்த ரசீது. இணைப்பில் ஆணையும் காரண அறிக்கை வந்திருந்தால் அதுவும். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் எடுக்கலாம். வழக்கு கோர்ட்டில் எண்ணாகிவிட்டதா என்று இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 எழுத்தும் இலக்கமும் கொண்ட சி.என்.ஆர். எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) வைத்துப் பாருங்கள்.

புகார்தாரரைத் திட்டி ஒரு வரி கூட எழுதாதீர்கள். மனுவில் கோபம் தெரிந்தால் அதுவே தகுதியின்மைக்கு ஆதாரமாகப் படிக்கப்படும்.

#23 பழையதபால்

ஆணை சாதகமாக வந்த பிறகு நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆணை நகல் நிலையத்துக்குத் தனியாகப் போகும், ஆனால் நீங்களும் ஒன்று கையில் எடுத்துப் போங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் "நிறுத்திவைப்பு நீக்கப்பட்டது" என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். என்.டி.ஏ.எல். (தேசிய ஆயுத லைசென்ஸ் தரவுத்தளம்) இணையப் பதிவில் நிலையை மாற்றச் சொல்லி, மாற்றிய பக்கத்தின் அச்சுப்பிரதி கேளுங்கள். புத்தகத்தில் சரியாகி, கணினியில் "நிறுத்திவைப்பு" என்றே இருந்தால் அடுத்த முறை தோட்டா வாங்கப் போகும்போது வியாபாரி திருப்பி அனுப்பிவிடுவார், புதுப்பிக்கும்போதும் சிக்கல். நிலுவையில் வைத்த புதுப்பிப்பு விண்ணப்பத்தையும் அதே நாளில் நினைவூட்டி ஒரு கடிதம் கொடுங்கள்.

#24 இரட்டைக்குழல்

நிலையத்தில் திரும்ப வாங்கும்போது கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். எண் சரியா, தோட்டா எண்ணிக்கை சரியா, குழலில் வெளிச்சம் விட்டுப் பார்த்தால் கரும்புள்ளி இருக்கிறதா, சிலிண்டர் ஒவ்வொரு அறையிலும் பூட்டி நிற்கிறதா. துரு இருந்தால் திரும்பப் பெறும் பதிவேட்டில் அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. பித்தளையில் பச்சை பூத்த .32 தோட்டாக்களைச் சுட வேண்டாம், உறை வீங்கி அறையிலேயே மாட்டிக்கொள்ளும். 12 போரில் பழைய காகித உறைத் தோட்டா ஈரத்தில் உப்பியிருந்தால் அறைக்குள் இறங்காது, அடித்துத் தள்ளாதீர்கள். கெட்ட தோட்டாவை எண்ணிக்கையோடு வியாபாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். குப்பையிலோ கிணற்றிலோ போட்டால் கணக்கு உதைக்கும்.

#25 நாகலூர்காப்பி

இரண்டு துப்பாக்கி, .32 தோட்டா 14, 12 போர் 31, எல்லாம் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று. "துருவின்றி" என்றும் எழுதித் தந்தார்கள். புத்தகம் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு ஒப்படைத்தோம். காரண அறிக்கை கேட்ட மனுவுக்குத் தபால் பிரிவில் முத்திரை கிடைத்தது. ஆணையில் உட்பிரிவு எதுவும் இல்லை, "காவல்துறை அறிக்கை" என்று மட்டும்தான் இருக்கிறது.

#26 கருப்புக்கோட்டு

நல்லது. காரண அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டாம், 25-ம் நாளுக்குள் மேல்முறையீடு போய்ச் சேர வேண்டும். அறிக்கை பிறகு வந்தால் கூடுதல் காரணங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். நில அளவை விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடச் சொல்லுங்கள். அறுவடை தொடங்கிவிட்டால் இரு தரப்பும் ஒரே நாளில் வேலிப்பக்கம் வந்து நிற்பது கஷ்டம்.